ஆவன்னாவுக்குத் திறக்கும் கண்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் இப்போதெல்லாம் கண்புரைப் பேச்சுதான். யாருக்கு எடுத்தாச்சு, யாருக்கு இன்னும் முற்றவில்லை, யார் பச்சைத் துணி கட்டிக்கொண்டு சீரியல் பார்த்தார்கள். எனக்குப் போன மாதம் எடுத்தார்கள். வலது கண். இப்போது நன்றாகத் தெரிகிறது. வீட்டுச் சுவரில் இவ்வளவு அழுக்கு இருந்தது அதுவரைக்கும் தெரியாது.

ஆபரேஷனுக்கு முன்னால் இடது கண்ணையும் பார்த்தார்கள். டாக்டர் சின்னப் பெண்.

"இமை இறங்கியிருக்கே பாட்டி. எப்பலேர்ந்து?"

"பிறந்ததுலேர்ந்து."

"வாயைத் திறங்க."

திறந்தேன். இமை சட்டென்று மேலே போனது. அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். பிறகு எழுந்து போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தன் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்து மென்று காட்டச் சொன்னாள். மென்றேன். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். நல்ல பிஸ்கட்.

"சின்ன வயசுல ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்களே பாட்டி" என்றாள்.

"இருக்கும்" என்றேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். கஷ்டம் இருந்தது. ஆனால் நினைத்தால் முதலில் வருவது சிரிப்புதான். என்ன செய்வது. ஒரு வருஷம் சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் நடந்ததை எழுதுகிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஐந்தாவதோடு நின்றவள். நீங்களும் அந்தக் காலத்து ஆட்கள்தான். விட்டுப்போனதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு ஜீயபுரத்தில். அப்பாவுக்கு வாழை இலை வியாபாரம். விடிந்ததும் இலைக்கட்டை சைக்கிளில் வைத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கிற ஹோட்டல்களுக்குப் போவார். வீடு முழுக்கப் பச்சை வாசம். அப்பாவின் சட்டை ஒன்றுகூட வெள்ளையாக இருந்ததில்லை. வாழைக்கறை தெரியும்தானே உங்களுக்கு, எந்தச் சோப்புக்கும் போகாது. அக்கா இலை துடைத்து அடுக்குவாள். கிழிந்ததைத் தனியாகப் போடுவாள். அதில்தான் நாங்கள் சாப்பிடுவோம். எங்கள் வீட்டில் நான் கிழியாத இலையைப் பார்த்தது குறைவு.

என் இடது இமை கண்ணைப் பாதி மூடியிருக்கும். மத்தியானத்தில் பாதி சாத்தி வைத்த கடை மாதிரி. வாயை அகலமாகத் திறந்தால் இமை மேலே போகும். தாடையை வலது பக்கம் தள்ளினாலும் போகும். ஏதாவது மென்றால் ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். எனக்கு வலி ஒன்றும் கிடையாது. எனக்கு அது தெரிவதுகூட இல்லை. எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

ஊசியில் நூல் கோக்கும்போது தாடையை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொள்வேன். இரண்டு கண்ணும் கிடைக்கும்.

"வாயைக் கோணாதடி, அப்படியே நின்னுடும்" என்பாள் அம்மா.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள்தான் இதன் சூட்சுமத்தை முதலில் கண்டுபிடித்தார்கள். ஆவன்னா சொன்னால் கண் திறக்கும். ஈயன்னா சொன்னால் மூடும். ஓவன்னாவுக்குப் பாதி. இதற்காகவே என்னிடம் வந்து "காக்கா சொல்லு, காக்கா சொல்லு" என்பார்கள். காக்காவுக்கு இரண்டு ஆவன்னா. இமை இரண்டு தரம் துள்ளும். கூட்டம் கைதட்டும். என் பெயரே காக்கா ஆகிவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. கம்மர்கட்டு கொடுத்தால்தான் சொல்லுவேன். அதை வாயில் ஒதுக்கினால் கண் தானாக ஆடும். அது இனாம்.

புதுசாக ஒரு வாத்தியார் வந்தார். முதல் நாளே என்னை எழுப்பினார்.

"என்ன, என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிற?"

"இல்ல சார்."

"வாய்ப்பாடு சொல்லு. நாலாம் வாய்ப்பாடு."

நாலாம் வாய்ப்பாட்டில் வரிக்கு வரி நாலு. நாலில் ஒரு ஆவன்னா. நான் சொல்லச் சொல்லக் கண் அடித்துக்கொண்டே போனது. அவர் முகம் சிவந்தது. பெஞ்சு மேல் ஏற்றினார். அங்கேயும் சொல்லச் சொன்னார். அங்கேயும் அடித்தது. அப்புறம்தான் அவருக்கே சந்தேகம் வந்தது. சாக்பீஸை எடுத்து அ, ஆ, இ, ஈ என்று பலகையில் எழுதி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். மணி அடிக்கும் வரைக்கும் இதுதான் நடந்தது. கணக்குப் பாடம் நடக்கவில்லை. வகுப்பு முழுவதும் என்னை அன்றைக்கு மிகவும் மரியாதையாக நடத்தியது.

இதெல்லாம் விளையாட்டு. சித்திரையில் விளையாட்டு முடிந்தது.

அக்காவைப் பெண் பார்க்க மண்ணச்சநல்லூரிலிருந்து வந்தார்கள். என்னை முறுக்குத் தட்டு கொண்டுபோகச் சொன்னார்கள். கொண்டுபோனேன். நானும் ஒன்று எடுத்துக் கடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். எதிரே மாப்பிள்ளையின் தாய்மாமன். மீசை பெரிசு. முறுக்கும் நல்ல கெட்டி முறுக்கு. அவர் என்னைப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் காதில் என்னவோ சொன்னார்.

போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். சொல்லியும் அனுப்பினார்கள். "பொண்ணு நல்ல பொண்ணுதான். தங்கச்சிக்காரி இந்த வயசுலயே ஆம்பளைங்களைப் பார்த்துக் கண்ணடிக்குது. வளர்ப்பு சரியில்ல."

அக்கா அடுப்படியில் விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்த மூஞ்சிக்கு யாருடி கண்ணடிப்பா?" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அம்மா சிரிக்கவில்லை. முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

செய்தி கேட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. அவள் பேச்சுக்கு வீட்டில் மறுபேச்சில்லை.

"அன்னைக்கே சொன்னேன். கிரகணத்தன்னைக்கு இலை அறுத்தா இப்படித்தான் ஆகும்."

அம்மா மாசமாக இருந்தபோது ஒரு கிரகணம் வந்ததாம். அன்றைக்கு அறுத்த இலைதான் என் கண்ணை அறுத்ததாம். இலை அறுத்தது அப்பா. அத்தையின் கணக்கில் அது வராது. அம்மாவும் எதிர்த்துச் சொல்லவில்லை. தன்மேல்தான் குற்றம் என்று நம்பியிருந்தாள். நான் பிறந்ததிலிருந்து அம்மா கிரகணம் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். கொசு கடித்தால்கூட அடிக்க மாட்டாள். இப்போது நினைத்தால் அதுதான் எனக்குப் பாரமாக இருக்கிறது. என் கண் இல்லை.

வைகாசியில் சமயபுரம் போனோம். கண்ணுக்கு வேண்டிக்கொண்டால் அங்கே கண்மலர் வாங்கிப் போடுவார்கள். மெல்லிய தகட்டில் கண் மாதிரி வெட்டியிருக்கும். அப்பா கடைக்காரரிடம் போய், "ஒரு கண்ணு குடுங்க" என்றார்.

"ஜோடியாத்தான் தருவேன்."

"ஒரு கண்ணுலதாங்க பிரச்சினை. இன்னொண்ணு நல்லா இருக்கு."

"அதுக்கு ஆத்தாவுக்கு ஒத்தைக் கண்ணா போடுவீங்க? மிச்ச ஒத்தைக் கண்ணை நான் யாருக்கு விக்கிறது?"

"என்னை மாதிரி யாராச்சும் வருவாங்கள்ல."

பின்னால் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அம்மா அப்பாவின் கையை இழுத்து ஜோடியாகவே வாங்க வைத்தாள். உண்டியலில் போடுவதற்கு முன்னால் அந்த இரண்டையும் என் கையில் கொடுத்தாள். வெயிலில் சுட்டது. இரண்டும் அகலமாகத் திறந்திருந்தன. ஆவன்னா சொல்கிற கண்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் காலையில் எழுந்ததும் அம்மா என்னை வெளிச்சத்தில் நிறுத்தி, "காக்கா சொல்லுடி" என்பாள். சொல்வேன். இமை துள்ளும். அம்மா போய்க் கோலம் போடுவாள். ஊர்ப் பிள்ளைகள் காக்கா சொல்லச் சொன்னால் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு போகிறவள் அவள்.

ஆனியில் அப்பா இலை போடுகிற ஹோட்டல் முதலாளி சொன்னார் என்று டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நீள பெஞ்சு. டெட்டால் வாசம். என்னோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன். அவனுக்கு ஒரு பக்கக் காது மொட்டு மாதிரி சின்னதாக இருந்தது. அந்தப் பக்கத்துக் கன்னமும் சின்னது. கண் வெள்ளையில் அரிசி மாதிரி ஒரு மேடு. இன்னொன்று பெண் பிள்ளை. கண்கள் இரண்டும் வெளிப்பக்கம் கீழே சரிந்திருக்கும். கீழ் இமையில் கடித்து வைத்த மாதிரி ஒரு வெட்டு. கன்ன எலும்பு இல்லாத மாதிரி முகம்.

கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பையன்தான் ஆரம்பித்தான்.

"என் கண்ணுல முடி முளைச்சிருக்கு. பாக்குறியா?"

பார்த்தோம். அந்த அரிசி மேல் நிஜமாகவே இரண்டு முடி.

"நான் தூங்கும்போது கண்ணு தொறந்தே இருக்கும்" என்றாள் அந்தப் பெண். "எங்க அண்ணன் என் பக்கத்துல படுக்கவே மாட்டான். பயப்படுவான்."

நான் விடுவேனா. "என் கண்ணு காக்கான்னு சொன்னா தொறக்கும்" என்றேன். சொல்லியும் காட்டினேன். இரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள். பையன் தன் முடியை மறந்துவிட்டு "தாத்தா சொல்லு, பாப்பா சொல்லு" என்றான். நர்ஸ் வந்து அதட்டினாள்.

அந்தப் பக்கம் அம்மாக்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். "நான் கிரகணத்துல இலை அறுத்தேன்" என்றாள் என் அம்மா. அறுக்கவே இல்லை. ஆனால் அப்படித்தான் சொன்னாள். பையனின் அம்மா, "நான் மாசமா இருக்கும்போது மலைக்கோட்டைப் படி ஏறிட்டேன். மாமியார் அதைத்தான் சொல்றாங்க" என்றாள். மூன்றாவது அம்மா, "நான் பப்பாளி தின்னேனாம். எனக்குப் பப்பாளியே பிடிக்காதுங்க" என்றாள்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. நர்ஸ் மறுபடியும் வந்து அவர்களையும் அதட்டினாள். அம்மா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

டாக்டர் வயசானவர். என்னை வாய் திறக்கச் சொன்னார், மென்று காட்டச் சொன்னார், தாடையைத் தள்ளச் சொன்னார்.

"வயித்துக்குள்ள முகம் உருவாகுறப்போ கண்ணு, காது, தாடை எல்லாம் பக்கத்துப் பக்கத்துலதாம்மா சேருது. சேருறப்போ சில பேருக்குக் கொஞ்சம் முன்னப் பின்ன ஆயிடும். வெளியில உட்கார்ந்திருக்கிற அந்த ரெண்டு பேருக்கும் அப்படி. உங்க பொண்ணுக்கு வேற. தாடைக்குப் போற நரம்புல ஒரு இழை வழி தப்பி இமைக்குப் போயிருக்கு."

"வாய்க்கால் உடைஞ்சு பக்கத்து வயலுக்குத் தண்ணி பாயற மாதிரிங்களா?" என்றார் அப்பா.

"அதேதான். நீங்க யாரும் எதுவும் பண்ணலை. பார்வைக்கு இப்போ ஒண்ணும் குறையில்ல. பெரியவளானப்புறம் வேணும்னா இமையைத் தூக்கித் தைக்கலாம்."

"மூத்தவளுக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வருமாங்க?" என்று கேட்டாள் அம்மா. அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

"பெரும்பாலும் வராது. வரவே வராதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாதும்மா."

வீட்டுக்கு வந்து அம்மா எல்லாவற்றையும் அத்தையிடம் சொன்னாள். அத்தை கேட்டுவிட்டு, "டாக்டருக்கு என்ன தெரியும், அவர் கிரகணம் பார்த்தாரா?" என்றாள்.

இதற்குள் அத்தை வேறு ஒரு இடம் பார்த்து வைத்திருந்தாள். ஸ்ரீரங்கத்தில் அவள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. மலைக்கோட்டைக்குக் கீழே பாத்திரக்கடை வைத்திருக்கிற குடும்பம். ஒரே பையன். அக்கா அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் ஒரு தரம் அண்டா கொடுக்க வந்தாராம். வாசலில் வைத்துவிட்டுப் போகாமல் உள்ளே தூக்கிவந்து வைத்தாராம். இதை அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள். இலை துடைத்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு நல்ல இலையையெல்லாம் கிழிந்த இலைப் பக்கம் போட்டாள். அப்பா வந்து கத்தினார்.

அவளுக்கு அந்த இடம் வேண்டும். எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தத் தடவை கெட்டால் என் கண்ணால்தான் கெடும் என்பதும் தெரிந்தது.

ஆடியில் பெண் பார்க்க மாட்டார்கள். ஆடி போனால் அந்தப் பையனுக்கு வேறு இடம் வந்துவிடும் போல இருந்தது. அத்தை ஒரு வழி கண்டுபிடித்தாள். பதினெட்டாம் பெருக்குக்கு எல்லோரும் அம்மா மண்டபம் படித்துறைக்கு வருவார்கள். அங்கே தற்செயலாகப் பார்த்துக்கொள்வது மாதிரி பார்த்துக்கொள்ளலாம். பெண் பார்த்தது மாதிரியும் ஆகாது. பார்க்காதது மாதிரியும் ஆகாது.

"இவளை வீட்ல விட்டுட்டு வந்துடலாமே" என்றார் அப்பா.

"கடைக்குட்டி எங்கேன்னு கேப்பாங்க. ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு பேச்சு வரும். கூட்டிட்டு வா. நான் பழக்குறேன்" என்றாள் அத்தை.

பழக்கினாள். ஒரு வாரம் எங்கள் வீட்டிலேயே தங்கிப் பழக்கினாள். முதலில் ஆவன்னா வருகிற சொல் எல்லாவற்றையும் எடுத்தாள். மாமா வேண்டாம். அத்தான் வேண்டாம். வாங்க வேண்டாம். "வாங்கன்னு சொல்லாம எப்படி அத்தை?" என்று கேட்டேன். "வாயைத் திறக்காத. கையெடுத்துக் கும்பிடு" என்றாள். கடைசியில் எனக்கு மூன்று சொல் மிஞ்சியது. சரிங்க. இல்லீங்க. தெரியலீங்க.

என் நிஜப் பெயரில் இரண்டு ஆவன்னா இருந்தது. அத்தை அதையும் எடுத்தாள்.

"யாராச்சும் பேர் கேட்டா கிளின்னு சொல்லு."

பள்ளிக்கூடத்துக் காக்கா ஒரே வாரத்தில் கிளி ஆனது. சாப்பாடு வீட்டிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். படித்துறையில் ஒரு பருக்கை தொடக்கூடாது. அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு இலை துடைத்தாள். அந்த வாரம் அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

பதினெட்டாம் பெருக்கு வந்தது. காவிரி நிறையத் தண்ணி. செக்கச் செவேலென்று, படியை முட்டிக்கொண்டு போனது. உங்களுக்குச் சொல்ல வேண்டுமா. படி முழுக்க மஞ்சள், பூ, ஊதுபத்திப் புகை. காவிரிக்கு விட்ட காதோலை கருகமணி மிதந்து போகும். பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு காலில் இடிப்பார்கள். நாங்கள் ஒரு பக்கமாக இடம் பிடித்து உட்கார்ந்தோம். தூக்குகளில் புளிசோறு, தேங்காய்ச் சோறு, தயிர்சோறு. மூடியைத் திறக்கவில்லை. வாசம் மூடியை மதிக்கவில்லை.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா.

"அட, நீங்களா! எங்க இந்தப் பக்கம்?" என்றாள் அத்தை. எந்தப் படி என்று முந்தின நாள் காட்டிவைத்ததே அவள்தான்.

"சும்மா தண்ணி பார்க்க வந்தோம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், மல்லிகைப்பூ.

"சொன்ன நேரத்துக்குச் சரியா வந்துட்டீங்க" என்றார் அப்பா. அத்தை அவரைப் பார்த்த பார்வையில் காவிரியே வற்றியிருக்கும்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை தண்ணீரைப் பார்த்தார். அக்கா படியைப் பார்த்தாள். அந்த அம்மா நல்ல வாட்டசாட்டம், கணீரென்ற குரல். நேராக என்னைப் பார்த்தார்.

"இது யாரு?"

"கடைக்குட்டிங்க. கிளின்னு கூப்பிடுவோம்" என்றாள் அத்தை.

"கிளி பேசுமா?"

"சரிங்க" என்றேன்.

"எத்தனாவது படிக்கிற?"

"தெரியலீங்க."

அவர் தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "உங்க அக்கா நல்லா சமைப்பாளா?" என்றார்.

"இல்லீங்க" என்றேன். மூன்றில் அதன் முறை வந்திருந்தது.

அக்காவுக்கு இருமல் வந்தது. "விளையாட்டுக்குச் சொல்லுதுங்க" என்று அத்தை அவசரமாகத் தூக்கின் மூடியைத் திறந்தாள். இலை போட்டார்கள். அப்பா அன்றைக்கென்று கிழியாத நுனி இலை கொண்டு வந்திருந்தார். என் முன்னால் மட்டும் இலை இல்லை.

"பிள்ளைக்குப் போடலையா?"

"அவளுக்குப் பசிக்கலையாம்."

"பெருக்கன்னைக்கு ஒரு பிள்ளை சாப்பிடாம உட்காரலாமா? நல்லா இருக்கே." அந்த அம்மா தன் இலையிலிருந்து புளிசோற்றை எடுத்தார். உருட்டினார். அதில் வேர்க்கடலை ஒன்று எட்டிப் பார்த்தது. என் வாய்க்கு நேரே கொண்டுவந்தார்.

"ஆ காட்டு."

பிள்ளைக்கு ஊட்டுகிற எல்லோரும் சொல்கிற சொல். மாமாவையும் அத்தானையும் என் பெயரையும் எடுத்த அத்தை, இதை யோசிக்கவில்லை.

நான் பல்லை இறுக்கிக்கொண்டேன்.

"ஆ காட்டு கிளி. ஆ."

தலையை ஆட்டினேன். சோறு என் உதட்டில் ஒட்டியது. நல்லெண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது. நாக்கை நீட்டக்கூட இல்லை.

"வயிறு சரியில்லைங்க அவளுக்கு" என்றாள் அத்தை.

"பல்லு வலிங்க" என்றாள் அம்மா.

"விரதங்க" என்றார் அப்பா.

மூன்றும் ஒரே நேரத்தில் வந்தன. அந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. முகம் மாறியது.

"ஓகோ. எங்க கையால வாங்கித் தின்னக்கூடாதுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க..."

"பின்ன எப்படி? சின்னப் பிள்ளை, பெருக்குச் சோத்தைப் பார்த்துப் பல்லைக் கடிக்குது. இப்பவே நம்ம கை ஆகலைன்னா நாளைக்கு என்ன உறவு வேண்டிக்கிடக்கு? எந்திரிங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் சோற்றை இலையில் போட்டார். எழுந்தார். மாப்பிள்ளையும் எழுந்தார். எழுந்தவர் அக்காவைப் பார்த்தார்.

நான் எதற்காகப் பல்லை இறுக்கினேனோ அது அந்த இறுக்கத்தாலேயே போகிறது. எனக்குப் புரிந்தது. வாயைத் திறக்கவும் பயம். மூடவும் பயம்.

அக்கா தலையை நிமிர்த்தினாள்.

"கொஞ்சம் உட்காருங்கம்மா."

பெண் பார்க்கிற இடத்தில் பெண் பேசி யாரும் கேட்டதில்லை. அத்தை வாயில் கை வைத்தாள்.

"அவளுக்கு வயிறும் நல்லா இருக்கு, பல்லும் நல்லா இருக்கு. விரதமும் கிடையாது. வாயைத் தொறந்தா அவ கண்ணு தொறக்கும். மென்னா கண்ணு ஆடும். பிறவியிலேயே அப்படி. முன்ன பொண்ணு பார்க்க வந்தவங்க கண்ணடிக்கிறாள்னு சொல்லிட்டுப் போனாங்க. நீங்களும் சொல்லிடுவீங்கன்னுதான் பிள்ளையைப் பட்டினி போட்டு உட்கார வச்சிருக்கோம். உங்க கை எங்களுக்கு ஆகும். நீங்களே ஊட்டிப் பாருங்க."

அந்த அம்மா நின்றார். பிறகு உட்கார்ந்தார். அதே சோற்றை எடுத்தார். இந்தத் தடவை குரல் சின்னதாக இருந்தது.

"ஆ காட்டு."

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தன் வாயைத் திறந்து காட்டினாள், ஊட்டுகிறவர்கள் தாங்களும் திறப்பார்களே, அப்படி. நான் திறந்தேன்.

இமை மேலே போனது. இரண்டு கண்ணாலும் அந்த அம்மாவைப் பார்த்தேன். ஒற்றைக்கல் மூக்குத்தி, வியர்வையில் கரைந்த குங்குமம். சோறு வாய்க்குள் வந்தது. மென்றேன். ஏறியது, இறங்கியது. மாப்பிள்ளையின் அப்பா எழுந்திருக்க ஊன்றிய கையை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார். பக்கத்துப் படிக் குடும்பமும் பார்த்தது. பலூன் விற்கிறவன் நின்றுவிட்டான்.

"வலிக்குதாடி?" என்றார் அந்த அம்மா.

"இல்லீங்க."

"இது நிஜ இல்லீங்களா, சொல்லிக் குடுத்த இல்லீங்களா?"

"நிஜங்க."

"படிக்கிறது எத்தனாவது?"

"அஞ்சாவதுங்க" என்றேன். இமை துள்ளியது.

"அக்கா சமையல்?"

"நல்லா சமைக்கும். ரசம் மட்டும் கொஞ்சம் காரம்" என்றேன். ஒரு வாரமாக அடைத்து வைத்த பேச்சு. "இந்தப் புளிசோறு அக்கா செஞ்சதுதான். என் பேரு கிளி இல்லீங்க. பள்ளிக்கூடத்துல காக்காம்பாங்க."

மாப்பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. அக்கா பக்கம் திரும்பினார்.

"நீ மறைக்காம சொன்ன. நானும் மறைக்காம கேக்குறேன். நாளைக்கு உனக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் இப்படி இருந்தா?"

"வராதுங்க, டாக்டரே சொல்லிட்டாரு..." என்று ஆரம்பித்தாள் அத்தை.

"வரவே வராதுன்னு டாக்டர் சொல்லலை அத்தை" என்றாள் அக்கா. "வந்தா என்னங்கம்மா. ஆ காட்டுன்னு சொல்லி ஊட்டுவேன்."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

நின்றுகொண்டே இருந்த மாப்பிள்ளை தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"அம்மா, எனக்கும் பசிக்குது."

அந்த அம்மா மகனைப் பார்த்தார். வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்திருந்தார். அப்புறம் புளிசோற்றுத் தூக்கை எடுத்து அக்காவின் முன்னால் வைத்தார்.

"அப்ப நீயே பரிமாறு. முதல்ல உன் தங்கச்சிக்கு ஒரு இலை போடு. நல்ல இலையா போடு."

அப்பா எழுந்து ஓடி வந்து எனக்கு நுனி இலை விரித்தார். தண்ணீர் தெளிக்க மறந்துவிட்டார். அக்கா சோறு வைத்தாள். வைத்துக்கொண்டே போனாள்.

ஆவணியில் கல்யாணம் வைத்தார்கள். அதெல்லாம் பிறகு. அன்றைக்குப் படித்துறையில் நான் புளிசோறு சாப்பிட்டேன், தேங்காய்ச் சோறு சாப்பிட்டேன், தயிர்சோறு சாப்பிட்டேன். கண் ஏறி இறங்கிக்கொண்டே இருந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.